ஐந்து மணி நேரம் பிந்தி வரும் நிழல்

நான்கு வழிச் சாலை போடுவதற்காக எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற ஆலாம்புதூர் பிரிவில் நின்றிருந்த பதினொரு புளியமரங்களையும் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன கோடையில்தான், வீட்டில் ஒரு வண்டி இருக்கும்போதே இன்னொரு வண்டி வேண்டும் என்று அம்மா சொன்னாள்.

இருந்த வண்டி குட்டி யானை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் நூல் சுற்றிய பாவு உருளைகள் ஆறு ஏற்றலாம். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், பாவு வராமல் தறி நிற்கிறது என்று நான்கு இடங்களிலிருந்து போன் வந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போன அம்மா பதினொரு வருடமாக அதே சாவியோடுதான் போய் வந்துகொண்டிருந்தாள். போகும்போது பாவு, வரும்போது துணி, வழியில் கை காட்டுகிறவர்களின் அரிசி மூட்டை, ஆட்டுக்குட்டி, கல்யாண வீட்டு அண்டா, ஒருமுறை பிரசவ வலியோடு ஒரு பெண். எதற்கும் அவள் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல் அவள் வாயில் உருவாவதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"பாரம் ஏத்த முடியாத வண்டியா ஒண்ணு வேணும், இந்து," என்றாள்.

"ஸ்கூட்டி வாங்கலாமாம்மா?"

"ஸ்கூட்டில முன்னால ஒரு மூட்டை வெக்கலாமே. வெச்சிருவாங்க."

அவள் நிறைய யோசித்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டிக்கு மேலே கம்பி இருக்கக் கூடாது. பின் சீட் இருக்கக் கூடாது, இருந்தால் யாராவது ஏறிக்கொள்வார்கள். டிக்கியில் ஒரு தேங்காய்க்கு மேல் வைக்க இடம் இருக்கக் கூடாது. தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும், வேகமாகப் போக வேண்டும். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது, அவள் கேட்பது ஸ்போர்ட்ஸ் கார்.

"அதுல எங்கேம்மா போகப் போறே?"

"டேங்க் நெறைய பெட்ரோல் அடிக்கணும். பாதி தீர்ற வரைக்கும் போகணும். பாதி தீர்ந்ததும் திரும்பிரணும். அவ்வளவுதான்."

"அதுதான், எங்கே?"

"எங்கேன்னு ஒண்ணு இருந்தா அது டெலிவரி, கண்ணு."

அதன்பின் தை மாதம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பழைய கார் பார்க்கப் போனோம், குட்டி யானையிலேயே போனோம், போகிற வழியில் இருக்கிறதே என்று யாராவது ஒருவர் ஏற்றிவிட்ட ஏதாவது ஒன்றை இறக்கிவிட்டுத்தான் போனோம். திருப்பூரில் ஒரு வண்டியின் சீட்டை எலி தின்றிருந்தது. அவிநாசியில் ஒன்றுக்கு மேலே மட்டும்தான் ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே யாரோ சாதாரணக் கார் இஞ்சினை வைத்திருந்தார்கள். சூலூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் மகன் சாவியைக் கொடுக்கும்போது அழ ஆரம்பித்து, பிறகு விற்கவில்லை என்று சொல்லிவிட்டான். எல்லா இடத்திலும் அம்மாவிடம் கடைசியாக ஒன்றே ஒன்றைச் சொன்னார்கள்: "இதுக்கு ரீசேல் இல்லீங்க்கா." எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வாங்குவதற்கு முன்பே அதை விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பார்கள். மாடானாலும் வீடானாலும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் இன்னும் ரீசேல் பார்க்க ஆரம்பிக்கவில்லை என்று அம்மா திரும்பி வரும்போது சொல்லிச் சிரித்தாள்.

மாசி பிறந்த முதல் ஞாயிறன்று பல்லடம் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த மாரப்பன் கார் கன்சல்டிங்குக்குப் போனோம். மாரப்பன் முன்பு மாட்டுத் தரகர். மாட்டிலிருந்து காருக்கு மாறியபோது தோள் துண்டையும் பழக்கங்களையும் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பானெட்டை, மாட்டின் உதட்டை விலக்கிப் பல் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தூக்குவார். பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, தட்டிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். மாடு விற்கிறவர் பழைய கயிற்றைத் தர மாட்டார், வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். அதேபோல் மாரப்பன் சாவியை மட்டும் தருவார், சாவி வளையத்தைக் கழற்றி வைத்துக்கொள்வார். கயிறு மாற்றுவதற்கு முன் குறையைச் சொல்லிவிட வேண்டும், மறைத்து விற்றால் பழைய கயிறு விற்றவன் வீட்டிலேயே பாம்பாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் வீட்டுச் சுவரில் எண்பது சாவி வளையங்கள் தொங்கின, ஒன்றுகூட நெளியவில்லை.

அந்த வண்டி ஒரு மூலையில் தகரக் கூரைக்கு வெளியே, திறந்த வெயிலில் நின்றது. ஒரு காலத்தில் நல்ல சிவப்பு, இப்போது பல நாள் காயப்போட்ட மிளகாயின் நிறம். இரண்டு கதவு, இரண்டு சீட்டு. முன்விளக்குகள் இமைபோல மூடியிருந்தன. ஜப்பானில் செய்தது, மூன்று பேர் கை மாறியது.

"குறையச் சொல்லிப்போடறனுங்க்கா," என்றார் மாரப்பன். "இஞ்சின் பாலு மாதிரி. பிரேக்கு புதுசு. நெழலு மட்டும் கொஞ்சம் பின்னால வருமுங்."

"எவ்வளவு பின்னால?"

"அஞ்சு மணி நேரமுங்."

நான் தரையைப் பார்த்தேன். மணி பத்தரை. லேத் பட்டறையின் நிழல், எங்கள் நிழல், ஒரு கோழியின் நிழல் எல்லாம் இருந்தன, காருக்கு அடியில் மட்டும் மண் பளீரென்று இருந்தது. கோழி அதற்குள் போய் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து வெளியே வந்தது.

"இப்ப அதுக்கு வெடியால அஞ்சரை மணிங்க்கா. அஞ்சரைக்கு ஏது வெயிலு? செத்த இருங்க, வந்துரும்."

நாங்கள் இருந்தோம். அவர் டீ வாங்கிவரச் சொன்னார். பன்னிரண்டு மணி நெருங்கும்போது, மற்ற எல்லாவற்றின் நிழலும் சுருங்கிக் காலுக்கடியில் போய்விட்ட நேரத்தில், அந்த வண்டியின் மேற்குப் பக்கத்தில் நீளமாக, குளிர்ச்சியாக, விடிகாலையின் நிழல் ஒன்று வந்து படுத்தது. கோழி நடந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டது.

"ஓட்டிட்டுப் போனா?" என்று அம்மா கேட்டாள்.

"கன்னுக்குட்டி தாய் பின்னால வர்ற மாதிரி, போன வழியிலயே மோப்பம் புடிச்சுட்டு வருமுங். நீங்க எங்க எவ்வளவு நேரம் நின்னீங்களோ அதுவும் அங்க அவ்வளவு நேரம் நிக்கும். உள்ள உக்காந்தீங்கன்னா உங்க நெழலையும் வண்டியே வாங்கி வெச்சுக்கும், எறங்கறப்ப குடுத்துரும். ஒரு பைசா வெச்சுக்காது, நாணயமான வண்டி. ஒண்ணே ஒண்ணுதான். நூறுக்கு மேல வெரட்டி, எங்கயும் நிக்காம ரொம்ப தூரம் போயிராதீங்க. மோப்பம் அத்துப்போயிரும். கடைசியா எங்க நின்னீங்களோ அங்கயே நெழலு படுத்துக்கும், அப்பறம் எந்திரிக்காது. நெழலில்லாத வண்டிய எவன் வாங்குவான்? ரீசேல் சுத்தமாப் போயிருமுங்."

பிறகு அவர் துண்டை விரித்து அதன் அடியில் கையை நீட்டினார். அம்மாவும் நீட்டினாள். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான், வாயால் ஒரு சொல் இல்லாமல் விரலைப் பிடித்துப் பிடித்தே பேசுவார்கள். அந்தத் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை போவது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும், லேத் பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் பாவு உருளையை உருட்டிய கை அது. மாரப்பன் முகம் மெதுவாகக் கோணிக்கொண்டே வந்து, கடைசியில், "சரிங்க்கா, சரிங்க்கா, உடுங்க" என்றார்.

அம்மா கொண்டுவந்திருந்த தறி நூலில் சாவியைக் கோத்து முடிச்சுப் போட்டாள். குட்டி யானையை மறுநாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கேயே விட்டுவிட்டு, வரும் வழியில் டேங்க் நிறைய பெட்ரோல் அடித்தாள்.

ஆலாம்புதூர் பிரிவில் கம்பங்கூழ் விற்கிறவர் சரசக்கா. மரங்கள் இருந்தவரை மரத்தடியில் விற்றார், மரங்கள் போனபின் குடைக்கடியில் விற்றார், ஆடிக் காற்று குடையைத் தூக்கிக்கொண்டு போனபின் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு விற்றார். அன்று பொழுது சாயும் நேரத்தில் அவர் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"கலாமணி, உன்ற வண்டி நெழலு இப்பத்தான் பிரிவத் தாண்டி வருது. நாய் தொரத்துது, பாத்துக்க."

"கடிச்சுதாக்கா?"

"நெழல எங்கடீ கடிக்கறது? கொலச்சுட்டே போவுது."

இவ்வளவுதான் ஊர் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்ட விதம். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரம் அதை வைத்து நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். வேகத்தடையில் அது ஏறி இறங்குவதைப் பார்த்து, வேகத்தடைக்கு மதிப்புக் கொடுக்கிற ஒரே வண்டி எங்களுடையதுதான் என்று சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அம்மா காலையில் எங்கே போனாள், யார் வீட்டு வாசலில் எத்தனை நிமிடம் நின்றாள் என்பதெல்லாம் மத்தியானம் ஊருக்குள் தானாக வந்து நின்று சொல்லிவிட்டுப் போனது. ஒரு பெண் தனியாக எங்காவது போய்வருவதை எங்கள் ஊர் எப்படியும் தெரிந்துகொள்ளும், இப்போது அதற்கு ஐந்து மணி நேரம் பொறுத்திருந்தால் போதும்.

பாதி டேங்க் பயணத்தை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை கோயமுத்தூர் பஸ்ஸில் வரவேண்டிய ஒரு தறிச் சாமானுக்காக அவள் காலை ஆறே முக்காலிலிருந்து ஏழே முக்கால் வரை பிரிவில் காரோடு நின்றாள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால், தார் உருகி செருப்பில் ஒட்டுகிற அந்த வெயிலில், பத்தடி நீளத்துக்கு ஒரு காலை நிழல் வந்து அந்த இடத்தில் படுத்தது. சரசக்கா கூழ் வண்டியை அதற்குள் தள்ளினார். நூறு நாள் வேலை முடிந்து வந்த நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் வந்தார், அவருக்கு முன்பே ஆடு வந்துவிட்டது. தரையில் கிடக்கிற நிழல் நிற்கிறவர்கள் தலைக்கு எப்படி நிழலாகும் என்று யாரும் கேட்கவில்லை, ஆயிற்று. உள்ளே வந்தவர்களின் பேச்சு மெதுவாகிவிட்டது என்று சரசக்கா பிறகு என்னிடம் சொன்னார், வெயிலில் நிற்கும்போது எல்லோரும் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்ததாம்.

மறுநாள் விடியும்முன் ஒரு தூக்குப் போசி நிறையக் கூழோடு அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னிக்கும் ஒரு மணி நேரம் நிறுத்தறியா கலாமணி?"

அம்மா போசியை வாங்கிக்கொண்டாள். அவள் வாயில் உருவாகாத அந்தச் சொல் அன்றும் உருவாகவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. ஆறரை மணி முதல் ஒன்பதரை மணி வரை பிரிவில், பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்காக. பிறகு ரேஷன் கடை முன்னால் சிறிது நேரம், சாயங்காலம் அரிசி வாங்க வருகிறவர்களுக்காக. பங்குனியில் பரீட்சை வந்தது, பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்காகக் கொஞ்சம். மாகாளியம்மன் நோன்பில் பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பவர்கள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம். காரை நிறுத்திவிட்டு அம்மா நடந்து வந்து குட்டி யானையை எடுத்துக்கொண்டு பாவு ஏற்றப் போவாள், இறக்கிவிட்டு வந்து மறுபடி காரை எடுத்து அடுத்த இடத்தில் நிறுத்துவாள். அந்தக் கார் ஒரு நாளில் மொத்தமாக மூன்று கிலோமீட்டர் போயிற்று, மூன்றாவது கியரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாள் இரவும் அம்மா ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து, அன்று குறைந்ததை ஊற்றி டேங்க்கை நிறைத்து வைத்தாள். எதற்கு என்று நான் கேட்டதற்கு, "நாளைக்குப் போறதா இருந்தா?" என்றாள்.

நான் செய்ததெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததுதான். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலை பார்த்தேன், காலை ஏழே கால் பஸ்ஸுக்குப் பிரிவில் நிற்பேன். பேசத் தெரியாத ஆளுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. கார் எந்த இடத்தில் நின்றால், மத்தியானம் நிழல் எதுவரைக்கும் விழும் என்பது விடுமுறை நாட்களில் பார்த்துப் பார்த்து எனக்கு அடி சுத்தமாகத் தெரிந்தது.

பிரிவில் அரசாங்கம் ஒரு பயணியர் நிழற்குடை கட்டுவதாக இருந்தது. நான்கு இரும்புத் தூண்கள் நட்டு, மேலே தகடு போடாமல் எட்டு மாதமாக நின்றது. சித்திரையில் ஒருநாள் அதைப் பார்த்துப் போக ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். மணி பன்னிரண்டேகால். நிழலுக்குள் பதினான்கு பேரும் இரண்டு ஆடுகளும் இருந்தார்கள். அவருக்கும் ஒரு சொம்புக் கூழ் கொடுத்தார்கள், குடித்தார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார், கோப்பில் 'நிழல் வசதி ஏற்கெனவே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தகடு இன்னோர் ஊருக்குப் போய்விட்டது.

அதைச் சொல்லத்தான் பஞ்சாயத்துத் தலைவர் குழந்தைவேல் சித்தப்பா வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரிவில் கூட்டம் கூட்டினார். அவர் அப்பாவுக்குத் தம்பி முறை. கூட்டம் நிழலுக்குள்ளேயே நடந்தது. எல்லோரும் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டதால் அம்மாவுக்கு உள்ளே இடமில்லை. அவள் வெயிலில் நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில்.

"அண்ணி, கெவர்மெண்டு கைய விரிச்சுட்டான். இனி நமக்குன்னு இருக்கறது உங்க வண்டிதான்," என்றார் சித்தப்பா. "நாளும் நீங்க கொண்டாறதும் எடுக்கறதும் எதுக்கு? வண்டிய இங்கயே உட்ருங்க. பகல் முச்சூடும் நின்னா பொழுது உழுகற வரைக்கும் நெழலு. திருடு போகாம நாளைக்கே வெல்டிங்காரனக் கூட்டியாந்து தூணுல வளையம் வெச்சு சங்கிலி போட்டுரலாம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல."

"ரேஷன் கடைக்கு?" என்றார் ஒருவர்.

"அதுக்கு ஒரு நாள் இது, ஒரு நாள் அதுன்னு மொற வெச்சுக்கலாம். சாவி ஆபீசுல இருக்கட்டும்."

"கலாமணி தங்கமான பொம்பள," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அது பொய்யில்லை, அவர்கள் யாரும் கெட்டவர்களும் இல்லை. வெயில் அப்படி.

அம்மா தொண்டையைச் செருமினாள். "அப்ப நான் எப்ப ஓட்டறது?"

சித்தப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்கு எங்க போகோணும், அண்ணி? சொல்லுங்க, என்ற கார்ல கொண்டுபோய் உட்டுட்டு வரச் சொல்றேன்."

எங்கே என்று ஒன்று இருந்திருந்தால் அம்மா சொல்லியிருப்பாள். அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியும், என் வாய் வரைக்கும் அது வந்தது, வந்து உதட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அம்மா "சரி" என்றாள்.

அன்று இரவும் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினாள். நான் டார்ச் பிடித்தேன். முள் நிறைவைத் தொட்டு நின்றது.

"நாளைக்குச் சங்கிலி போடறாங்க. இப்ப எதுக்கும்மா?"

"பழக்கம்," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் காரைப் பிரிவில் நிறுத்தினாள். வழக்கமாக நிறுத்தியதும் இறங்கிவிடுவாள், அன்று இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸுக்குப் போக வேண்டியவள், அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஏழே கால் பஸ் வந்தது, கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் அடித்தார், நான் கையை ஆட்டினேன், பஸ் போயிற்று. சரசக்கா கூழ் வண்டியைத் தள்ளிக்கொண்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தார். தலையில் ஈரத் துண்டு.

"பாவம், அக்கா," என்றாள் அம்மா. "அந்த மரத்துக்குக் கீழ முப்பது வருசம் நின்னாங்க."

அப்போதுதான் நான் பேசினேன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோலப் பேசினேன்.

"நூறுக்கு மேல வெரட்டக் கூடாதுன்னு மாரப்பண்ணன் சொன்னாரும்மா. எங்கயும் நிக்காம ரொம்ப தூரம் போனா மோப்பம் அத்துப் போயிருமாம். கடைசியா நின்ன எடத்துலயே நெழலு படுத்துக்குமாம். அப்பறம் எந்திரிக்கவே எந்திரிக்காதாம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.

"கடைசியா நின்ன எடம்னா…"

"இதுதானே."

வெளியே நான்கு இரும்புத் தூண்கள் மேலே ஒன்றும் இல்லாமல் நின்றன. அம்மா அவற்றைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு போலவும் இருமல் போலவும் ஒரு சத்தம் செய்தாள். "ரீசேல் போயிருமேடீ?"

"விக்கறதுக்கா வாங்குனே?"

அவள் இஞ்சினைக் கிளப்பினாள். ஆனால் உடனே போகவில்லை. தறிக்குடோனில் பாவு இறக்கும்போது உருளை சரியாகத் தன் இடத்தில் உட்காரும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவாளே, அப்படி நகர்த்த ஆரம்பித்தாள். நான் இறங்கி நின்று சொன்னேன். "இன்னும் ரெண்டடி பின்னால. கொஞ்சம் எடது. போதும்." நிழல் அங்கே இல்லை, அது வீட்டில் நேற்றைய இருட்டில் இருந்தது. ஆனால் பன்னிரண்டரை மணிக்குள் அது நான்கு தூண்களுக்கும் நடுவில், கூழ் வண்டி நிற்கவும் இருபது பேர் நிற்கவும் இடம் விட்டு விழும் என்று எனக்குத் தெரியும். ஏழரை வரைக்கும் அப்படியே நின்றோம், அந்த இடம் அதற்கு மனதில் பதியட்டும் என்று. சரசக்கா வந்து, "என்னடீ ஆத்தாளும் மகளும் கோலம் போடறீங்களா?" என்றார்.

"ஆமாக்கா," என்று சொல்லி அம்மா கியரைப் போட்டாள்.

இரண்டாவது கியரில் பிரிவைத் தாண்டினோம். மூன்றாவது கியரில் அந்த வண்டி எழுப்பிய சத்தம், இத்தனை நாள் அதற்குள் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது. தாராபுரம் வந்தது, அம்மா நிற்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் லாரிகளுக்கு நடுவில் நிற்கவில்லை. திண்டுக்கல்லில் நான்கு வழிச் சாலை கிடைத்தது, முள் நூறைத் தாண்டியது, நூற்றுப் பத்தைத் தாண்டியது, எங்கள் பிரிவின் புளியமரங்களை வெட்டியதும் இப்படி ஒரு சாலைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் சாலை என்ன செய்யும், அது நீண்டது, நாங்கள் போனோம். மதுரையை வெளியிலேயே சுற்றிக்கொண்டு போனோம், விருதுநகர் போயிற்று, சாத்தூர் போயிற்று, கரிசல் மண் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்தது, யாரும் கை காட்டவில்லை, காட்டினாலும் ஏற்ற இடமில்லை, பின்னால் எதுவும் உருளவில்லை, சாயவில்லை, ஓசையிடவில்லை. பதினொரு வருடமாகப் பின்னால் இருக்கும் பாவுக்காகக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டிய அம்மா அன்று கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

கயத்தாறு தாண்டி, காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் பெட்ரோல் முள் பாதிக்கு வந்தது. அம்மா ஓரமாக நிறுத்தினாள். எந்த ஊரும் இல்லாத இடம் அது. ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், ஒரு கட்டில். இருவரும் புரோட்டா தின்றோம். அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கினாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தது. சரசக்கா.

"எங்கடீ போனீங்க? வெல்டிங்காரன் சங்கிலியோட வந்து நிக்கறான், கட்டறதுக்கு வண்டியக் காணோம். நீங்க ஏழரைக்கே கெளம்பிட்டீங்களே, நெழலும் பன்னெண்டரைக்கு எந்திரிச்சுப் போயிரும்னு எல்லாரும் பாத்துட்டு இருந்தோம். எந்திரிச்சுது. வடக்க ஒருக்கா பாத்துது, தெக்க ஒருக்கா பாத்துது, திரும்பி வந்து நாலு தூணுக்கு நடுவுல படுத்துக்கிச்சு. இன்னும் படுத்துட்டுத்தான் கெடக்குது."

"தலைவர் சித்தப்பா என்ன சொல்றார்?"

"என்ன சொல்லுவாரு? வாங்குன சங்கிலி வீணாப் போகக் கூடாதுன்னு, நெழலக் கட்ட முடியுமான்னு வெல்டிங்காரனக் கேட்டுட்டு இருக்காரு." பின்னணியில் பலர் மெதுவாகப் பேசும் சத்தம் கேட்டது. "கலாமணி தூங்கறாளா? எழுப்பாத. நான் நெழல்லதான் இருக்கறேன்னு அப்பறமாச் சொல்லு."

இரண்டு மணிக்கு மேல் கிளம்பினோம். திரும்பி வடக்கே வரும்போது அம்மா அவசரப்படவில்லை. சரசக்கா சொன்னதை எல்லாம் நான் சொல்லக் கேட்டுவிட்டு, "படுத்துக்கிச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இனி யாரும் வாங்க மாட்டாத வண்டி இது, ஊருக்குள் போனால் நிழல் இல்லாத பேய் வண்டி என்று கொஞ்ச நாள் சொல்வார்கள், பிறகு அதற்கும் பழகிவிடுவார்கள்.

வாடிப்பட்டி தாண்டும்போது மணி நாலு. வெயில் மேற்கே சாய்ந்து எங்கள் இடது பக்கமிருந்து அடித்தது. "இந்து, இங்க பாரு," என்று அம்மா தன் பக்கத்து ஜன்னலைக் காட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

முன்னால் போன லாரியின் நிழல் சாலையில் லாரியாக ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சக்கரம் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. வாங்கி வைத்துக்கொள்ள வண்டியின் நிழல் இல்லாததால் எங்கள் நிழல்கள் மட்டும் வெளியே வந்துவிட்டிருந்தன. தாரின் மேல், காலை நீட்டி உட்கார்ந்தபடி, இரண்டு பெண்கள் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கைகளை முன்னால் நீட்டியிருந்தாள், அந்தக் கைகளில் எதுவுமே இல்லை.